30 டிகிரிக்கு மேலே: குளிர்கால இமயமலைக்குக் கிளம்பும் வேலூர்க்காரர்களுக்கு

கேதார்கந்தா, பிரம்மதால், குல்மார்க் என்று டிசம்பரிலும் ஜனவரியிலும் கிளம்பும் பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி, அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் டேராடூன். பொங்கல் லீவோடு நாலு நாள் சேர்த்துப் போட்டால் வேலை முடிந்தது. புறப்படுவதற்கு முன் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் குளிரைப் பற்றித்தான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு மைனஸ் 10 என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் குளிருக்குக் கடையில் துணி கிடைக்கிறது. பனிச்சரிவுக்கு, அதாவது மலைச் சாய்வில் கிடக்கும் பனி மொத்தமாக அறுந்து இறங்குவதற்கு, அப்படி எதுவும் கிடைக்காது. எந்தச் சரிவில் கால் வைப்பது, எதன் அடியில் நிற்பது என்ற முடிவு ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்த முடிவின் பெரும்பகுதியை ஊரில் உட்கார்ந்தே எடுத்துவிட முடியும்.

பனி நம் மாவட்டத்துக்கு அந்நியமில்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர்கள் இங்கே உண்டு. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அதில் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் ஏழுமலையும் ஒருவர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, 11-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். இதை வைத்து 'பனிக்குள் ஆறு நாள்கூடத் தாங்கலாம்' என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே நடந்தது பெரிய பனிச்சுவர் இடிந்து முகாம்மீது விழுந்த விபத்து. அவர் பிழைத்திருந்தது அபூர்வத்திலும் அபூர்வம். நடைப்பயணி சந்திக்கக்கூடிய சரிவு வேறு ஜாதி. அதில் கணக்கு நிமிடங்களில்தான்.

அந்த வேறு ஜாதிக்குப் பலகைச் சரிவு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மேலே கெட்டிப்பட்ட ஒரு பனிப்பலகை, அதன் கீழே பிடிமானம் இல்லாத ஒரு மெல்லிய அடுக்கு, அதற்கும் கீழே வழுக்கிக்கொண்டு போகத் தோதான தளம். பலகையின் மேல் ஒரு ஆள் நடந்தால், நடுவில் உள்ள பலவீனமான அடுக்கு ஒரு இடத்தில் நொறுங்கும். அந்த நொறுங்கல் ஓரிரு விநாடியில் சரிவு முழுக்க ஓடிவிடும். பலகை மொத்தமாக அறுந்து இறங்கும். மேலே தூரத்தில் எங்கோ கிளம்பி நம்மைத் தேடி வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிக்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் சரிவைக் கிளப்பிவிட்டதே அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான். 50 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம் கொண்ட பலகை சின்னது என்றுதான் கணக்கு. கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தாலும் அது 150 டன். இன்னொன்று: கத்தினால், பாட்டுப் பாடினால் பனி சரியும் என்பது சினிமா. மனிதக் குரலுக்கு அந்த பலம் இல்லை. கால் எடைக்கு இருக்கிறது.

இனி கோணம். பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வில் கிளம்புகின்றன, அதிலும் 38-ஐ ஒட்டித்தான் அதிகம். 30-க்குக் கீழே பெரும்பாலும் உராய்வு பலகையைப் பிடித்து வைத்துவிடும். 50-க்கு மேலே பனி தங்காது, விழ விழச் சின்னச் சின்னதாக உதிர்ந்துவிடும். ஆக ஆபத்தான கோணம், ஏறுவதற்குச் சுவாரஸ்யமான கோணம், பனிச்சறுக்குக்கு ருசியான கோணம் மூன்றும் ஒன்றுதான். தொல்லையே அதுதான்.

38 டிகிரி என்பதைக் கண்ணால் மதிப்பிடச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் தாறுமாறாகச் சொல்வார்கள். கண்ணைப் பழக்க நல்ல இடம் உங்கள் வீட்டு மாடிப்படி. ஆறு இஞ்ச் உயரம், பத்து இஞ்ச் மிதி என்று கட்டிய படி சுமார் 31 டிகிரி. ஏழுக்குப் பத்து என்றால் 35. பழைய வீடுகளில் எட்டுக்கு ஒன்பது வைத்துக் கட்டிய செங்குத்துப் படி 41-ஐத் தாண்டும். அதாவது நாம் தினமும் ஏறி இறங்கும் படியின் சாய்வில்தான் பனி அறுந்து ஓடுகிறது. போனில் சாய்வு அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, படியின் மூக்குகளை ஒட்டி ஒரு நீளக் கம்பை வைத்து, அதன்மேல் போனை வைத்துப் பாருங்கள். பிறகு வேலூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளிலும், ஏலகிரி சுவாமிமலைக்கு ஏறும் பாதையிலும், முதலில் கண்ணால் மதிப்பிட்டுவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள். சொன்ன எண்ணும் அளந்த எண்ணும் 3 டிகிரிக்குள் வரும்வரை விடக் கூடாது.

பனியில் போன் பேட்டரி படுத்துவிடும். அதற்கு இரண்டு நடைக்கம்பே போதும். இரண்டையும் 120 செ.மீ. நீளத்துக்கு வையுங்கள். ஒன்றைச் சரிவின் மேல்பக்கம் நோக்கிப் படுக்கை மட்டமாக நீட்டி, அதன் நுனி பனியைத் தொடும்படி பிடியுங்கள். அதன் கைப்பிடி முனையிலிருந்து இன்னொரு கம்பைச் செங்குத்தாகப் பனிவரை இறக்குங்கள். இறங்கும் உயரம் 56 செ.மீ. என்றால் 25 டிகிரி, 69 என்றால் 30, 84 என்றால் 35. முழுக் கம்பும் இறங்கினால் 45. இரண்டாவது கம்பில் 56-லும் 69-லும் சிவப்பு டேப் சுற்றி வைத்துவிட்டால் மலையில் கணக்குப் போட வேண்டியதில்லை. இந்த அளவை நின்று பார்க்க வேண்டிய இடம் சரிவின் நடு அல்ல, அதன் ஓரத்தில் பாதுகாப்பான இடம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சரிவுக்கு நிறம் பூசிக் காட்டும் வரைபட ஆப்களும் உண்டு. வழியை முன்கூட்டியே பார்த்து வைக்க அவை நல்லவை. ஆனால் இமயமலைக்கு அவை பயன்படுத்தும் உயரத் தரவு பெரும்பாலும் 30 மீட்டர் கட்டங்கள். 15 மீட்டர் அகலமுள்ள ஒரு செங்குத்து அதில் காணாமலே போய்விடும்.

நிற்கும் இடம் சமதளம்தானே என்று நிம்மதியாக இருப்பவர்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் மலையேற்றக்காரர்கள் அல்ல, பனியில் விளையாடப் போனவர்கள். 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி உத்தராகண்டின் மாணா அருகே சாலைத் தொழிலாளர்கள் 54 பேரின் முகாம் புதைந்து, எட்டுப் பேர் இறந்தார்கள். மற்றவர்களில் பலர் பிழைத்ததற்கு அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள் ஒரு காரணம். இரண்டு இடத்திலும் ஆபத்து மேலே இருந்தது. தங்குமிடத்திலிருந்து மேலே தெரியும் முகட்டுக்கு, அதாவது பனி கிளம்பக்கூடிய உச்சிக்கு, போனை நீட்டிக் கோணம் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் வந்தால் நீங்கள் அதன் பாய்ச்சலுக்குள் நிற்கிறீர்கள். 18-க்கும் 25-க்கும் இடையில் என்றால் பெரிய சரிவு எட்டலாம். டீக்கடையானாலும் கூடாரமானாலும் வண்டி நிறுத்தி போட்டோ எடுக்கும் இடமானாலும் இதே அளவுதான். 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கப்பாதை திறந்த பிறகு குளிர்காலத்திலும் அங்கே வண்டி போகிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த ஒரு பழக்கத்தையாவது கைக்கொள்ளலாம்.

கோணம் மாறாது. பனி மாறும். டிசம்பரில் 40 செ.மீ. பனி விழுந்து, பிறகு மூன்று வாரம் வானம் பளிச்சென்று இருந்தது என்று வையுங்கள். தரையை ஒட்டிய பனி பெரும்பாலும் 0 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், பூமியின் சூடு அப்படி. மேற்பரப்பு ராத்திரியில் மைனஸ் 15-க்குப் போகும். 40 செ.மீ.க்குள் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 4 டிகிரி. 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே பனிக்குள் நீராவி கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்து, ஒட்டிக்கொண்டிருந்த துகள்கள் கோணல்மாணலான பெரிய படிகங்களாக வளரும். ஒன்றோடொன்று ஒட்டாது. கையில் அள்ளினால் கல் உப்பு மாதிரி உதிரும், உருண்டை பிடிக்க முடியாது. இதே குளிரில் பனி 2 மீட்டர் ஆழம் இருந்திருந்தால் 10 செ.மீ.க்கு முக்கால் டிகிரிதான், படிகம் இப்படி வளராது. அதனால்தான் 'இந்த வருஷம் பனி கம்மி, பயமில்லை' என்ற பேச்சு தலைகீழானது. மெல்லிய பனியும் நீண்ட வறட்சியும் சேர்ந்தால் அடித்தளம் கெட்டுப்போகிறது.

அந்தக் கெட்ட அடித்தளத்தின் மேல் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ மேற்கத்திய இடையூறு என்று சொல்லப்படும், மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் ஒரு புயல் அமைப்பு வந்து, இரண்டு நாளில் 60 செ.மீ. கொட்டிவிட்டுப் போகும். பலகை தயார். 2023-24 குளிர்காலத்தில் காஷ்மீர் ஜனவரி கடைசி வரை வறண்டு கிடந்தது, குல்மார்க் சரிவுகள் புல்லும் மண்ணுமாகத் தெரிந்தன. பிறகுதான் பனி வந்தது. 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி அதே குல்மார்க்கின் கிலன்மார்க் பகுதியில் பனிச்சரிவில் ஒரு ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் இறந்தார். முந்தைய வருஷம் 2023 பிப்ரவரி 1-இல் அஃபர்வத் மலையில் போலந்துக்காரர்கள் இருவர். தேதிகளைப் பாருங்கள், எல்லாம் பிப்ரவரி. மூன்று நாள் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்துவிட்டு, நாலாம் நாள் காலை நீல வானமும் புத்தம்புது வெள்ளையுமாக இருப்பதைப் பார்க்கும்போது 'இன்னிக்கு விட்டா எப்போ' என்று தோன்றும். பருவம் முழுக்க மிக மோசமான நாள் அதுவாகத்தான் இருக்கும். கனமான பனிப்பொழிவுக்குப் பிறகு குறைந்தது 24 முதல் 48 மணி நேரம் செங்குத்துகளை விட்டு ஒதுங்கி இருங்கள். அடியில் உப்புப் படிகம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த 48 மணி நேரத்துக்கும் அர்த்தமில்லை. அது வாரக்கணக்கில் காத்திருக்கும்.

எல்லா மலையும் ஒரே மாதிரி அல்ல. குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் பக்கம் சூடும் ஈரமும் அதிகம், பனி கனமாக விழுந்து சீக்கிரம் இறுகும், புயலின்போதும் அதை ஒட்டியும்தான் ஆபத்து உச்சம். லடாக், காரகோரம் பக்கம் பனி குறைவு, குளிர் கடுமை, பலவீனமான அடுக்கு குளிர்காலம் முழுக்க நீடிக்கும். நம் பிள்ளைகள் அதிகம் போகும் உத்தராகண்ட், இமாச்சல் உயரங்கள் இரண்டுக்கும் நடுவில். இன்னொரு கணக்கு திசை. வடக்கு பார்த்த சரிவில் குளிர்கால வெயில் படாது. அங்கே கெட்ட அடுக்கு ஆறாமல் கிடக்கும். தெற்குச் சரிவு வெயிலில் உருகி இறுகிச் சீக்கிரம் நிதானத்துக்கு வரும், ஆனால் மதியத்தில் ஈரமாகி வேறு விதத்தில் கெடும்.

வானத்திலிருந்து விழும் பனியைவிடக் காற்று கொண்டுவந்து கொட்டும் பனி மோசம். முகட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கத்தில் குவிக்கும்போது, பனிப்பொழிவைவிடப் பல மடங்கு வேகத்தில் கனம் ஏறும். ஒரு துளி பனி விழாத நாளிலும் இது நடக்கும். துகள்கள் காற்றில் நொறுங்கி இறுக்கமாக அடைந்துகொள்வதால், மேலே கால் வைத்தால் கெட்டியாக, நம்பிக்கை தருவதாக இருக்கும். தட்டினால் 'டொக்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்காலத்தில் முகட்டுக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் கிழக்கு, வடகிழக்குச் சரிவுகளில் இந்தக் குவியல் அதிகம். முகட்டு விளிம்பில் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் பனி எந்தப் பக்கம் நீட்டுகிறதோ, அந்தப் பக்கத்தில்தான் குவியல் கிடக்கிறது. அந்த நீட்சியின் ஓரத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: அது நீட்டிக்கொண்டிருக்கும் அளவோடு உடையாது, பாறை முடிந்ததாக நீங்கள் நினைக்கும் இடத்துக்கு வெகு பின்னாலிருந்து பிளக்கும்.

மலையே சொல்லும் அறிகுறிகள் சில உண்டு. அவற்றில் ஒன்றைக் கண்டாலும் பேச்சுக்கே இடமில்லை. பக்கத்துச் சரிவில் புதிதாக அறுந்த கோடு தெரிவது முதலாவது. அதே திசை, அதே உயரம், அதே கோணம் உள்ள சரிவு நீங்கள் போவதாக இருந்தால் அதுவும் அதே நிலையில்தான் இருக்கிறது. இரண்டாவது, கால் வைத்ததும் 'தொம்' என்று பனி மொத்தமாக உள்ளமுங்கும் சத்தம். காலுக்குக் கீழே பலவீனமான அடுக்கு நொறுங்கிவிட்டது என்று பொருள். சமதளம் என்பதால் மட்டுமே நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். மூன்றாவது, பாதத்திலிருந்து முன்னால் ஓடும் விரிசல். மணிக்கு 2-3 செ.மீ. வேகத்தில் பனி விழுந்துகொண்டே இருப்பதும், ஒரே நாளில் 30 செ.மீ.யைத் தாண்டுவதும், திடீர் வெதுவெதுப்பும், பனிமேல் மழையும் இதே வரிசைதான்.

மார்ச், ஏப்ரலில் கடிகாரம்தான் அளவுகோல். ராத்திரி வானம் தெளிவாக இருந்து பனி கல்லாக உறைந்திருந்தால், அதிகாலை 3-4 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் செங்குத்தைத் தாண்டிவிடலாம். ராத்திரி மேகம் மூடியிருந்தால் உறையாது. அன்று காலை எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பயனில்லை. சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவதும், பூட்ஸ் கணுக்காலைத் தாண்டிச் சொதசொதவென்று இறங்குவதும் திரும்பச் சொல்லும் அடையாளங்கள்.

குழி தோண்டிப் பார்ப்பது பற்றிப் பலருக்கும் ஆர்வம். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தோண்டி, சுவரை நேராகச் செதுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். முஷ்டியே உள்ளே போகிறதா, நாலு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தி மட்டும்தானா என்று. மேலே பென்சில் கடினம், கீழே முஷ்டி மென்மை என்று வந்தால் கெட்ட செய்தி. அடுத்து, சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு பனித்தூணைச் சுற்றிலும் முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுத்துத் தனியாக்க வேண்டும். அதன் ஒரு ஓரத்தில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எந்தத் தட்டில் விரிசல் கிளம்புகிறதோ அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது தூணின் மறு ஓரம் வரை ஓடிவிட்டால், அந்தச் சரிவை மறந்துவிடுங்கள். ஓடவில்லையா? 'போகலாம்' என்று பொருள் இல்லை. நூறு மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரலாம். இந்தச் சோதனையால் 'வேண்டாம்' என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த ஒரு வார்த்தைக்காக அதைக் கற்றுக்கொள்ளலாம். அனுமதிச் சீட்டாக நினைத்துத் தோண்டுகிறவர்கள் தோண்டாமலே இருக்கலாம்.

முன்னறிவிப்பு தருவது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற ஆய்வு நிறுவனம். முன்பிருந்த 'சாசே' என்ற பனி ஆய்வு நிறுவனம் 2020-இல் இன்னொரு ஆய்வகத்தோடு இணைந்து இதுவாக மாறியது. செய்திகளில் வருவது 'இன்ன மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேல் அடுத்த 24 மணி நேரத்துக்கு அதிக ஆபத்து' என்ற வடிவத்தில். ஒரு மாவட்டம் முழுக்க ஒரே வரி. நீங்கள் போகும் சரிவு வடக்கா தெற்கா, காற்று குவித்ததா என்று அதில் இராது. ஆகவே அது ஆரம்பப்புள்ளி மட்டும். உலக அளவில் புழங்கும் ஐந்து நிலை அளவுகோலில் 3 என்று வந்தால், ஐந்துக்கு மூன்றுதானே, நடுத்தரம் என்று மனது சொல்லும். ஆல்ப்ஸ் மலையில் அதிகம் பேர் இறப்பது அந்த 3-இல்தான். 4, 5 வந்தால் பெரும்பாலோர் வெளியே போவதில்லை. 3 வரும்போது, ஒரு ஆள் எடைக்கே பனி அறுந்துவிடக்கூடிய சரிவுகள் மலையில் இருக்கும், ஆனால் பார்க்க எதுவும் தப்பாகத் தெரியாது.

2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தராகண்டில் திரௌபதி கா டண்டா சிகரத்தில் நடந்த பனிச்சரிவுக்குப் பிறகு, உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் பயிற்சியாளர்களும் மாணவர்களும் சேர்ந்து 27 பேர் சடலமாக மீட்கப்பட்டார்கள், இருவர் கிடைக்கவே இல்லை. மலையையே தொழிலாகக் கொண்டவர்கள் கூட இருந்தும் நடந்தது அது. எனவே, கம்பெனி பெரியது, கைடு உள்ளூர்க்காரர், தினமும் நூறு பேர் போகிறார்கள் என்பதெல்லாம் பனிக்குச் சம்பந்தமில்லாத தகவல்கள். பணம் கட்டுவதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை வேறு: "கடைசி ஏற்றம் எத்தனை டிகிரி சார்? பனி அதிகம் விழுந்தால் மாற்றுவழி எது? எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவீர்கள்? கைடு கையில் மண்வெட்டி, புதைந்தவரைக் குத்தித் தேடும் குத்துகம்பி, சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் உதவும் டிரான்சீவர் இருக்குமா, எங்களுக்கும் தருவீர்களா? பாதியில் திரும்பினால் பணம் என்ன ஆகும்?" முதல் கேள்விக்கு "ஈஸி டு மாடரேட்" என்று பதில் வந்தால் அந்த ஆளுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

முதல் குளிர்காலப் பயணத்துக்கு என் தேர்வு தயாரா புக்யால் மாதிரி மெல்லிய சாய்வுள்ள புல்வெளி. கேதார்கந்தாவில் பாதையின் பெரும்பகுதி காட்டுக்குள். 3,800 மீட்டர் உச்சிக்குப் போகும் கடைசி ஏற்றம் திறந்த வெளி, செங்குத்து. அடர்ந்த காடு பனியைப் பிடித்து வைக்கும். இடையே தாராளமாக நடந்து போக இடம் இருக்கும் அளவுக்கு மரம் விலகி நின்றால் அது காடாகாது. மேல்பக்கக் கிளைகள் மட்டும் ஒடிந்து, கீழ்நோக்கிய கிளைகள் மிச்சமிருக்கும் மரங்களைக் கண்டால் அது பனி பாய்ந்த தடம்.

தவிர்க்கவே முடியாத சரிவைக் குறுக்கே கடப்பதானால் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, போகிறவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பையின் மார்புப் பட்டை, இடுப்புப் பட்டை, நடைக்கம்பின் கைவார் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். நடுவில் நின்று தண்ணீர் குடிப்பதும் போட்டோ எடுப்பதும் கூடாது. அறுந்துவிட்டால் கத்துங்கள், கம்பை விடுங்கள், ஓரத்தை நோக்கித் திமிறுங்கள். வேகம் குறையும் கணத்தில் ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பண்ணுங்கள். பனி நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. ஹெலிகாப்டர் வரும் என்பது கணக்கிலேயே சேராது. தேடித் தோண்டப் போவது பக்கத்தில் நிற்கிற நண்பர்கள்தான். அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும், மூன்று ஆன்டெனா உள்ள டிரான்சீவர், 240 முதல் 300 செ.மீ. குத்துகம்பி, உலோகத் தகடுள்ள மண்வெட்டி. பிளாஸ்டிக் மண்வெட்டி இறுகிய பனியில் உடையும். ஜாக்கெட்டில் தைத்திருக்கும் ரெக்கோ தகடு டிரான்சீவருக்கு மாற்று ஆகாது. அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவியோடு மீட்புக்குழு வர வேண்டும். டிரான்சீவரை மேல் ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு கட்டுங்கள், பையில் போடாதீர்கள். போனை அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ.

இதைப் பழக பனி வேண்டியதில்லை, பாலாறு போதும். காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையில் ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களில், அனுப்பும் நிலையில் வைத்த டிரான்சீவரை பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் போட்டு, இரண்டு பாலித்தீன் பைகளில் கட்டி, ஒரு நீளக் கயிறும் கட்டி முக்கால் மீட்டர் ஆழத்தில் மணலில் புதையுங்கள். கயிற்றின் நுனி புதைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அது இல்லாமல் டப்பாவைத் தொலைத்தவர்கள் உண்டு. ரயில் பாலத்தை விட்டு நல்ல தூரம் தள்ளிப் போங்கள், 25,000 வோல்ட் கம்பியின் அருகில், தூரத்தைக் காட்டும் திரையின் எண் ஆட்டம் போடும்.

தேடுகிறவர் 50 மீட்டருக்கு அப்பாலிருந்து வர வேண்டும். பரப்பு அகலமாக இருந்தால் 40 மீட்டர் இடைவெளி விட்டு வளைந்து வளைந்து நடக்கலாம். சிக்னல் கிடைத்ததும் அம்புக்குறியைப் பின்பற்றி வேகமாகப் போங்கள். அது நேர்கோட்டில் கூட்டிப் போகாது, வளைந்துதான் போகும், அது பழுதல்ல. எண் 3-க்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, கருவியைத் தரையை ஒட்டிப் பிடியுங்கள். அதன் பிறகு கருவியைத் திருப்பக் கூடாது. முன்பின்னாக நகர்த்திச் சிறிய எண்ணைப் பிடித்து, அங்கிருந்து இடவலமாக நகர்த்தி அதிலும் சிறியதைப் பிடியுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். எண் குறையவில்லை என்று பதறிக் கருவியைச் சுழற்றுவார்கள், எண் குதிக்கும், இன்னும் பதறுவார்கள்.

குத்துகம்பியை மணலில் குத்தாதீர்கள், இணைப்புகள் வளைந்துவிடும். அதற்கு ஒரு வைக்கோல் போர் வேண்டும். பழைய துணி அடைத்த சாக்கை அதற்குள் செருகிவிட்டு, மேற்பரப்புக்குச் செங்குத்தாக, 25 செ.மீ. இடைவெளியில் நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளிப்பக்கம் குத்திக்கொண்டே போங்கள். துணிமூட்டையில் பட்டால் கம்பி மெத்தென்று எதிர்க்கும், தரையில் பட்டால் சுள்ளென்று நிற்கும். பட்டதும் கம்பியை உருவாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

தோண்டுவதுதான் அதிக நேரம் தின்னும். கம்பிக்கு நேர் மேலே நின்று தோண்டாதீர்கள், அடியில் இருப்பவரின் மூச்சிடத்தை மிதித்து அடைத்துவிடுவீர்கள். புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ச்சரிவில் தள்ளி நின்று, கம்பியை நோக்கி உள்ளே வெட்டிக்கொண்டு போக வேண்டும். நாலு பேர் இருந்தால் முன்னால் ஒருவர் கட்டியாக வெட்டித் தள்ள, பின்னால் நிற்பவர்கள் அதை வாரி இறைக்க, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நிற்பவர் மாற வேண்டும். முகம் தெரிந்ததும் முதலில் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்து மூச்சுக்கு வழி பண்ணுங்கள். மூச்சு இல்லையென்றால் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டுத்தான் நெஞ்சமுக்கல். மூச்சடைப்பால் நின்ற இதயம் அது.

கருவியைத் தேடி எடுப்பதுவரை ஐந்து நிமிடத்துக்குள் எல்லோருக்கும் வர வேண்டும். குழுவில் ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து, புதைவதும் அவராகவே ஆகிவிட்டால் என்ன செய்வது? பயிற்சிக்குப் பழைய பேட்டரி போதும். மலைக்குப் புறப்படும்போது புது அல்கலைன் போடுங்கள், ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், அது மிச்ச அளவைத் தப்பாகக் காட்டிவிட்டுத் திடீரென்று படுத்துவிடும். ஊருக்குத் திரும்பியதும் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், நம் வெயிலில் கசிந்து தொடர்புமுனைகளை அரித்துவிடும்.